பாதி காற்று, பாதி மரம்: பழைய பாணி செமி ஹாலோ கிட்டார் வாங்குவோருக்கு

கடையில் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் ஆம்ப்பில் (ஒலியைக் கூட்டும் பெட்டியில்) செருகிவிடாதீர்கள். முதலில், மேல்பலகையில் 'f' எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளைக்குள் செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணை ஒட்டி வைத்துப் பாருங்கள். பாடியின் நடுவில், நெக் வந்து சேரும் இடத்திலிருந்து அடி விளிம்பு வரை ஒரு மரக்கட்டை சுவர்போல ஓடுவது தெரியும். மேல்பலகையும் கீழ்ப்பலகையும் அந்தக் கட்டையில்தான் ஒட்டி நிற்கின்றன. அதற்கு இரண்டு பக்கமும் வெறும் காற்று. செர்ரிச் சிவப்பு, ஓரத்தில் ஓடும் வெள்ளை பைண்டிங், பளபளக்கும் நிக்கல் மூடிகள் எல்லாம் கண்ணை இழுக்கும்தான். ஆனால் பணம் கொடுப்பது அந்த நடுக்கட்டைக்காக. கட்டை முழு நீளமும் இருக்கிறதா, பலகையோடு இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கிறதா, பசை வழிந்து கட்டி கட்டியாக உறைந்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் அரை நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்தக் கட்டை எதற்கு வந்தது என்று தெரிந்தால் கிட்டாரின் குணமும் புரியும். 1949-ல் கிப்சன் கொண்டுவந்த இஎஸ்-175 முழுக்க உள்ளே வெற்றிடமாக உள்ள கிட்டார். குரல் இனிமையானது, ஆனால் ஆம்ப்பின் ஒலியைக் கூட்டினால் மேல்பலகை தானாக அதிர்ந்து ஊளையிடும். 1952-ல் வந்த லெஸ் பால் கெட்டி மரம். ஊளை இல்லை, அந்தக் காற்றோட்டமான குரலும் இல்லை, தோளில் பாரம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில், 1958-ல், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ தொழிற்சாலையிலிருந்து இஎஸ்-335 வந்தது. அப்போது கிப்சன் தலைவராக இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. பாடியின் அகலம் 16 அங்குலம், கனம் ஏறத்தாழ 1¾ அங்குலம். பலகைகள் மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று மூன்று அடுக்கு. நடுக்கட்டை மேப்பிள். பலகை வளைந்தது, கட்டை தட்டையானது என்பதால் இடையில் ஸ்ப்ரூஸ் மரத்தை இழைத்து நிரப்பினார்கள். இன்று 'பழைய பாணி' என்ற பெயரில் விற்கும் செமி ஹாலோ கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வடிவத்தின் வழிவந்தவைதான்.

அடுக்குப் பலகை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. விலை குறைக்கச் செய்த ஏற்பாடு அல்ல அது, முதல் கிட்டாரே அப்படித்தான் பிறந்தது. அடுக்குப் பலகை விறைப்பாக நிற்பதால் ஊளை குறையும். வெயில், மழை மாறும்போது ஒற்றைப் பலகை அளவுக்கு விரியாது, சுருங்காது. நம் ஊர்ப் பருவத்துக்கு இது நல்லதே.

குரல் எப்படி இருக்கும்? ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் வரும் முதல் ஓசை கெட்டி மரக் கிட்டார்போலத் தெளிவாக வரும். அதன் பின்னாலேயே பாடியின் இரு பக்கமும் உள்ள காற்றிலிருந்து ஒரு கதகதப்பு எழும்பி நாதத்தைச் சுற்றிக்கொள்ளும். முழு ஹாலோ கிட்டாரில் அந்தக் கதகதப்பு நிறைய வரும், நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். இதில் அளவாக வரும், நாதமும் நீளும். ஒரு கார்டை அடித்துவிட்டு உள்ளங்கையைக் கிட்டாரின் பின்பக்கம் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் அதிர்வு நன்றாகத் தெரியும், நடுவில் குறைவு. இந்த வேறுபாட்டில்தான் இதன் கவர்ச்சி எல்லாம் இருக்கிறது. ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கின் 'லூசில்' என்ற கிட்டார் இந்தக் குடும்பத்து இஎஸ்-355 வகைதான். ஊளையை இன்னும் குறைக்க 1980-ல் கிப்சன் அவர் பெயரில் வெளியிட்ட மாடலில் எஃப் துளைகளையே மூடிவிட்டார்கள். ஜாஸ், ராக் கலைஞர் லேரி கார்ல்டனுக்கு 'மிஸ்டர் 335' என்றே பட்டப்பெயர். ப்ளூஸும் ஜாஸும் ராக்கும் ஒரே கிட்டாரில் நிற்கும் என்பதற்கு இவர்கள் கைகளே சான்று.

ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவு சத்தம் வரும். திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு இதன் அருமை தெரியும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து பதினோரு மணிக்கு மேல் கிட்டாரை எடுத்தால், கெட்டி மரக் கிட்டார் உங்களுக்கே சரியாகக் கேட்காது. அக்கூஸ்டிக் என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். செமி ஹாலோ இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இதற்காகவே வாங்கலாம் என்று சொல்லத் தயக்கமில்லை.

ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. எபிஃபோன் கேசினோ பார்ப்பதற்கு அச்சு அசல் 335 போலவே இருக்கும். அதுவும் மெல்லிய பாடி, அதே இரட்டைக் கொம்பு, அதே எஃப் துளை. ஆனால் உள்ளே கட்டை கிடையாது, முழு வெற்றிடம். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பும் பி-90 என்ற ஒற்றைச் சுருள் வகை. பீட்டில்ஸ் வாசித்தது கேசினோ. அருமையான கிட்டார்தான், வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் பொருந்தும். கோயில் நோம்பியில் (திருவிழாவில்) ஆளுயர ஸ்பீக்கர் அடுக்குக்கு முன்னால் நிற்கும் ஆர்கெஸ்ட்ராக்காரருக்கு அது தோதாகாது. ஆகவே கடையில் "அண்ணா, இதுல நடுவுல கட்டை இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் டார்ச்சை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

பிக்அப் விஷயத்தில் பழைய பாணிக்கு ஹம்பக்கர்தான் சரி. கிப்சனில் வேலை பார்த்த செத் லவர் வடிவமைத்து, 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1959-ல் பெற்றார். இரண்டு சுருள்கள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இணைப்பு, காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துபோகும். ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் சேர்ந்து பெருகும். நம்மிடம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தறிக்கூடமோ நிட்டிங் யூனிட்டோ பக்கத்தில் ஓடும் தெருவில், மோட்டார்களும் டியூப் லைட் சோக்குகளும் எழுப்பும் இரைச்சலை ஒற்றைச் சுருள் பிக்அப் அப்படியே வாங்கிக்கொடுக்கும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

கடையிலேயே பிக்அப்பைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனை ப்ளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஓம் அளவு பாருங்கள். வால்யூமும் டோனும் 10-ல் இருக்கட்டும். பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9 கிலோ ஓம் வரை காட்டும். பிக்அப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் நடுவில் இருந்தால் இரண்டு பிக்அப்பும் இணையாகச் சேர்வதால் பாதியாகி 4-ஐ ஒட்டி வரும். 500 கிலோ ஓம் பக்கம் போனால் சுருள் அறுந்திருக்கிறது, நீங்கள் பார்ப்பது வால்யூம் 'பாட்'டின் (குமிழுக்கு அடியில் உள்ள பொடென்ஷியோமீட்டரின்) அளவை மட்டுமே. காதால் செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. சுவிட்சை நடுவில் வைத்ததும் ஒலி மெலிந்து மூக்கால் பாடுவதுபோல் ஆனால், ஒரு பிக்அப்பின் இணைப்பு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம்.

எந்த மாடல் என்று கேட்டால், கிப்சன் லட்சங்களில் போய்விடும் என்பதால் பெரும்பாலோர் கை நீட்டுவது எபிஃபோன் இஎஸ்-335 பக்கம். 2020-ல் புதுப்பித்து வந்த வரிசையில் 24.75 அங்குல ஸ்கேல் (நட் முதல் பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம்), 12 அங்குல ஆரத்தில் வளைந்த ஃப்ரெட்போர்டு, 22 ஃப்ரெட், 43 மி.மீ. அகல நட் (ஹெட்டுக்குக் கீழே ஸ்ட்ரிங்குகள் தங்கும் பள்ளமிட்ட துண்டு). ஃப்ரெட்போர்டு மரத்துக்கு விளம்பரத்தில் 'இந்தியன் லாரல்' என்று போட்டிருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் ஆனைமலை, முதுமலைக் காடுகளில் நிற்கும் கருமருதுதான். பழைய கிட்டார்களில் ரோஸ்வுட் இருக்கும். இந்திய ரோஸ்வுட் என்று உலகம் சொல்வது நம் ஈட்டி மரம். அந்த மரக் குடும்பத்தையே 2017-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019-ல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதற்குள் பல நிறுவனங்கள் வேறு மரத்துக்கு மாறியிருந்தன. கருமருது ஈட்டியைவிடச் சற்று வெளிறி, நரம்பு திறந்து தெரியும். தொட்டால் உலர்ந்ததுபோல் இருக்கும், ஒலியில் குறை எதுவும் இல்லை. வெளிறிப்போனால் லெமன் ஆயில் ஒரு சொட்டு தடவித் துடைத்தால் கருக்கும். பொள்ளாச்சிக்காரர்கள் தேங்காய் எண்ணெயைத் தொடாமல் இருப்பது நல்லது. அது உலராது, தூசியைப் பிடிக்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும், மார்கழிக் குளிரில் ஃப்ரெட் ஓரத்தில் வெள்ளையாக உறைந்தும் நிற்கும்.

இபானேஸ் ஆர்ட்கோர் வரிசையின் ஏஎஸ்-73 இன்னொரு நல்ல தேர்வு. உருவம் பழையது, ஒலி கொஞ்சம் நவீனம். பழைய குரல்தான் வேண்டும் என்பவர் எபிஃபோனில் நிற்கலாம்.

ஸ்கேல் நீளத்தைப் பற்றி நம் இசை வாசிப்போருக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் ஸ்கேல் 25.5 அங்குலம். இதில் 24.75. நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இழுவிசை மாறுவதால், அதே ஸ்ட்ரிங், அதே சுருதிக்கு இங்கே ஏறத்தாழ 6 சதவீதம் தளர்வு. கமகம் வாசிக்க ஸ்ட்ரிங்கை வளைத்து இழுக்கும்போது இந்த 6 சதவீதம் விரலில் நன்றாகத் தெரியும். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு வளைத்து ஏறி இறங்கும்போது நாதம் அறுந்துபோகாமல் கூடவே வரும். ஃப்ரெட்போர்டின் வளைவும் தட்டையாக இருப்பதால் மேல் ஃப்ரெட்டுகளில் ஒலி செத்துப்போவதில்லை. ஸ்ட்ரிங் 10-46 (ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில் கனம்) நிக்கல் செட் போடுங்கள். கை பழகியவர்கள் 11-க்குப் போனால் குரல் தடிக்கும்.

நான்கு குமிழ்களும் ஒரு சுவிட்சும் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பிக்அப்புக்கும் தனி வால்யூம், தனி டோன். சுவிட்சை நடுவில் வைத்து நெக் வால்யூமை 7-லும் பிரிட்ஜ் வால்யூமை 9-லும் நிறுத்தினால், கார்டுகள் பளிச்சென்றும் குழையாமலும் வரும். சர்ச் கொயருக்கும் பழைய பாட்டுக்கான ரிதத்துக்கும் இதுவே போதும். மெலடிக்கு நெக் பிக்அப், டோன் 5. எழுபதுகளின் சாயல் வேண்டுமானால் பிரிட்ஜ் பிக்அப்பை எடுத்து டோனை 6-க்கு இறக்குங்கள். ஒன்று நினைவில் இருக்கட்டும். சுவிட்ச் நடுவில் இருக்கும்போது ஏதாவது ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் கிட்டார் முழுவதும் அடங்கிவிடும். பழுதல்ல, இணைப்பு முறையே அப்படி.

இந்த விலையில் வரும் கிட்டார்களில் பெட்டியைத் திறந்ததும் பெரும்பாலும் சரியாக இல்லாத இடம் நட். சுருதி நிற்கவில்லை என்று டியூனிங் கீயை மாற்றக் கிளம்புகிறவர்கள் பாதிப்பேர் வீண் செலவு செய்கிறார்கள். ஹெட்டின் இரு பக்கமும் மும்மூன்று கீ என்பதால், டி, ஜி ஸ்ட்ரிங்குகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் விலகிப் போகின்றன. பள்ளம் இறுக்கமாக இருந்தால் அந்த வளைவில் ஸ்ட்ரிங் மாட்டிக்கொள்ளும். கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி தாவினால் குற்றவாளி அதுதான். ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி எடுத்து, 2பி பென்சிலைக் கூர்சீவிப் பள்ளத்துக்குள் நன்றாகத் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். பாதிக் கிட்டார்கள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். ஜி ஸ்ட்ரிங் 17 என்றால் 18 முதல் 20 அளவுள்ள நட் அரம், நாலைந்து இழுப்பு, அவ்வளவே. ஆழம் பார்க்க, ஸ்ட்ரிங்கை 2-வது, 3-வது ஃப்ரெட்டுக்கு நடுவே அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் கனம் இருந்தால் போதும். இடைவெளியே இல்லாமல் தொட்டுவிட்டால் திறந்த ஸ்ட்ரிங் கரகரக்கும். அப்போது பள்ளத்தில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டு ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் கல்லாக இறுகும், அதை மறுபடி அராவிக்கொள்ளலாம். சுற்றிலும் செலோடேப் ஒட்டிக்கொண்டு செய்யுங்கள். வார்னிஷில் சொட்டினால் போகாது.

மற்ற அளவுகளுக்கு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோவையில் மில் ஃபிட்டர்களும் மோட்டார் பட்டறைக்காரர்களும் வைத்திருப்பதே தான், இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். முதல் ஃப்ரெட்டையும் பாடி சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தினால், 7-வது ஃப்ரெட்டில் 0.25 மி.மீ. இடைவெளி வேண்டும். அதிகமானால் நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று இறுக்கி, திரும்ப சுருதி சேர்த்துவிட்டு அளந்து பாருங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள். அடுத்து 12-வது ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங்குக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.6 மி.மீ. உயரம் வருமாறு பிரிட்ஜைத் திருகுங்கள். கடைசியாக இன்டனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது: 12-வது ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால், பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்கு, அதாவது ஸ்ட்ரிங்கின் அடி முனை மாட்டியிருக்கும் டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள். இந்த வரிசை மாறினால் செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பிக்அப் உயரமும் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளந்தால் பிரிட்ஜ் பிக்அப்புக்கு 1.6, நெக் பிக்அப்புக்கு 2.4 மி.மீ. நல்ல தொடக்கம். ஸ்ட்ரிங் மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜும் டெயில்பீஸும் தாமாகக் கழன்று வார்னிஷ் மேல் விழக்கூடும்.

டெயில்பீஸில் இரண்டு விதம் வரும். 1958-லிருந்து பாடியில் நேராகத் திருகிய தண்டு. 1965 வாக்கில் கிப்சன் அதை எடுத்துவிட்டு ஊஞ்சல்போல அடி விளிம்பிலிருந்து தொங்கும் ட்ரபீஸைப் போட்டது. படத்தில் ட்ரபீஸ் அழகு. ஆனால் நாதம் சற்றே குறையும், பிரிட்ஜுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் ஸ்ட்ரிங் தானாக ஒலிக்கும். ஒரே கிட்டார் வாங்குபவர் தண்டு வகையையே எடுக்கட்டும்.

ஈரப்பதம் நம் பக்கம் ஊருக்கு ஊர் வேறு. நூற்பாலையில் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்று இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கிட்டாருக்கும் அதே கணக்குதான், 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நிம்மதி. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும்போது பொள்ளாச்சிப் பக்கம் ஈரம் ஏறும். பங்குனி, சித்திரையில் ஈரோடும் கரூரும் காய்ந்து கிடக்கும். காய்ந்த நாளில் ஃப்ரெட்போர்டு சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறும். உடனே அராவிவிடாதீர்கள். மழை வந்து மரம் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும் கீறினால் மட்டும் அராவலாம். நெக்கின் வளைவும் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆண்டுக்கு இரண்டு முறை அளந்தால் போதும். ஈரப்பதமானி சின்னது ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். ஏசி அறையில் சுவரில் மாட்டி வைப்பதைவிடப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. நிறுத்திய காரில் வெயிலில் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், பசை இளகிவிடும்.

எஃப் துளை திறந்தே இருப்பதால் பஞ்சுத் தூசி உள்ளே போய்க் குமிழ்களில் படியும். தோட்டத்து வீடுகளில் குளவி கூடு கட்டவும் பார்க்கும். சுவரில் மாட்டி வைப்பவர்கள் மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால் முதலில் கான்டாக்ட் கிளீனர். சாதாரண துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் எண்ணெய்ப் படலம் தங்கி மேலும் தூசி சேரும். கிளீனரின் நீண்ட மெல்லிய குழாயை எஃப் துளை வழியாக விட்டு, பாட்டின் கால்கள் இருக்கும் இடைவெளியில் ஒரு நொடி அடித்து, குமிழை இருபது முறை முழுக்கத் திருப்புங்கள்.

பாட்டையே மாற்றுவதென்றால்தான் இந்தக் கிட்டாரின் உண்மையான சிரமம் தெரியும். கெட்டி மரக் கிட்டாரில் பின்மூடியைத் திருகிக் கழற்றினால் போதும். இதில் மூடியே கிடையாது. எல்லாம் எஃப் துளை வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குமிழ்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டின் தண்டிலும், சுவிட்சின் கழுத்திலும் அரை மீட்டர் நைலான் நூலை இறுக்கிக் கட்டி, நூல் நுனியில் எது எது என்று துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். பின்புதான் அவற்றை இறுக்கியிருக்கும் திருகு நட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, எஃப் துளை வழியாக மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். நூலின் மறுமுனை துளைக்கு வெளியே தொங்கிக்கொண்டே இருக்கட்டும். துளை ஓரத்து வார்னிஷ் உரசாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மாற்றும்போது 'ஏ500கே' என்று அச்சிட்ட பாட்டும், '223' என்று போட்ட 0.022 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வாங்குங்கள். கப்பாசிட்டரை வால்யூம் பாட்டின் உள்வரும் காலில் இணைக்காமல் நடுக்காலில் இணைத்தால், அதுதான் ஐம்பதுகளின் முறை. வால்யூமை 6-க்கு இறக்கினாலும் ஒலி மங்காது. சில ரூபாயில் கிடைக்கும் இந்த மாற்றம் விலையுயர்ந்த பிக்அப்பைவிடப் பலன் தரும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜாக் திரும்ப மாட்டுவதுதான் கடைசித் தலைவலி. அதற்கு 10 மி.மீ. வாஷர் ஒன்றை நூலின் நுனியில் கட்டுங்கள். நூலை ஜாக்கின் பின்பக்கமிருந்து அதன் குழல் வழியாக முன்னால் எடுத்து, எஃப் துளைக்குள் விட்டு, ஜாக் துளை வழியாக வெளியே இழுங்கள். வாஷர் ஜாக்கின் பின்னால் தடுத்து நிற்பதால், நூலை இழுக்க இழுக்க ஜாக் தானாகத் துளைக்கு வந்துவிடும். நட்டைப் பாதி ஏற்றிய பிறகு நூலை அறுத்து வாஷரை உள்ளேயிருந்து எடுத்துவிடுங்கள். மறந்தால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கிலுகிலுக்கும். வேலை முடிந்ததும் ஒயர்கள் பலகையைத் தொடாமல் சிறு ஸ்பாஞ்சு ஒட்டுங்கள். காரணமே தெரியாமல் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் எங்கோ இரைச்சல் வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஒயரோ, தளர்ந்த பாட் நட்டோ, பிக்கார்டின் தாங்கியோதான்.

மேடைக்குப் போகும்போது ஒன்றில் சமரசம் கூடாது: எர்த். கிட்டாரின் ஸ்ட்ரிங்குகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தவை. மண்டபத்தில் ஆம்ப் செருகிய பிளக்கில் எர்த் இல்லாமல், மைக் வேறு ஃபேஸில் இருந்தால், ஸ்ட்ரிங்கைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைத்ததும் உதட்டில் ஷாக் அடிக்கும். ஜெனரேட்டரில் ஓடும் நோம்பி மேடைகளில் இது உயிர்ப் பிரச்சினை. வாசிக்கும் முன் டெஸ்டரை ஸ்ட்ரிங்கிலும் மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் சவுண்ட் செட்காரர் சரிசெய்யும் வரை கிட்டாரைத் தொடாதீர்கள். இரைச்சல் குறையும் என்று மூன்றாவது பின்னை உடைத்துவிடுவது மகா தவறு.

ஊளை இதிலும் முற்றிலும் போய்விடாது, தள்ளிப்போகும். மானிட்டர் நேராகக் கிட்டாரைப் பார்க்காதபடி பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், ஆம்ப்பில் பேஸைக் கொஞ்சம் குறையுங்கள். அப்படியும் போகாவிட்டால் எஃப் துளைகளுக்குள் ஸ்பாஞ்சு வெட்டிச் செருகலாம். கனத்த டிஸ்டார்ஷனில் வேகமாக மெட்டல் வாசிப்பவர் இந்தப் பாடெல்லாம் படாமல் கெட்டி மரக் கிட்டார் வாங்குவதே மேல். இதற்கும் அதற்கும் பொருத்தமில்லை.

பழையது வாங்கினால் ஹெட்டின் பின்பக்கத்தை, நட்டுக்குக் கீழே, விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஹெட் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதாலும், ட்ரஸ் ராடுக்காக அங்கே குடைந்திருப்பதாலும் இந்த வகைக் கிட்டார் கீழே விழுந்தால் முதலில் உடையும் இடம் அதுதான். ஒட்டிச் சரிசெய்தது என்றால் வாங்கக் கூடாது என்றில்லை, ஒட்டு நன்றாக இருந்தால் வாழ்நாளுக்கும் நிற்கும், ஆனால் விலை நன்றாகக் குறைய வேண்டும். 16 அங்குல பாடி சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் பைக்குள் நுழையாது. இதற்கென்று வரும் கெட்டிப் பெட்டியைக் கிட்டாரோடு சேர்த்தே பேசி வாங்குங்கள். பஸ்ஸில் லக்கேஜ் பெட்டியில் போடும் முன் ஹெட்டுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வையுங்கள், ஹெட்டின் நுனி பெட்டியின் சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும்.